அத்தைக்கு அருள் வந்த தைப்பூசம்

பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். பச்சை உடுத்தி, தோளில் பையை மாட்டிக்கொண்டு, செம்பட்டிச் சாலையில் கூட்டங்கூட்டமாகப் போவார்கள். நான் காரை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் பாட்டில் கொடுப்பேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருதரம்கூட நடந்ததில்லை. நடந்தால் என் அப்பாவின் அக்காவோடுதான் என்று சின்ன வயதிலேயே முடிவாகிப்போன விஷயம் அது.

மாமா போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்த அத்தை, வந்த வேகத்தில் வீட்டையும் எங்கள் மல்லிகைத் தோட்டத்தையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அதில் பாதி வருத்தம், பாதி நிம்மதி. அத்தையின் வாய் இருக்கிறதே, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் கொடைரோட்டுக்குக் கேட்கும். வருடம் தவறாமல் பழனிக்கு நடப்பாள். நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். "கால் வலிக்குதுன்னு பாதி வழியில உக்காந்தா அங்கயே விட்டுட்டுப் போயிருவேன் மருமகளே" என்பாள். அந்த மிரட்டல்கூட எனக்கு இனித்தது.

அந்த வருடம்தான் அத்தைக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று போட வேண்டும். மாலை போட்டதிலிருந்து அத்தைக்கோ ஒருபொழுது விரதம். காலையில் வெறும் தண்ணீர்தான். மாத்திரை போட்டால் விரதம் கெடாதா என்று அம்மா கேட்டாள். "மாத்திரை என்ன இட்லியா, கெடுறதுக்கு? அது தண்ணிக் கணக்குத்தான்" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பா தன் பங்குக்கு, டாக்டர் சொன்னதை ஒருநாளும் விடக் கூடாது என்று மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் தானே கொண்டுவந்து நீட்டுவார். அக்காவும் தம்பியும் அவரவர் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இடையில் ஓரிரு நாள், தலை சுற்றுகிறது என்று அத்தை பூப்பறிப்பதை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். வெயில் என்றார்கள். தை மாதத்து வெயில்!

கிளம்பும் நாள் வந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் பூசை முடித்து, எல்லாரும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் நடையைக் கட்டுவதாக ஏற்பாடு. மேளக்காரர்கள் வந்து சேரவில்லை. செத்த நேரம், செத்த நேரம் என்று பூசை தள்ளிக்கொண்டே போனது. அண்டாவில் சோறு வெந்து மணக்கிறது. சாமிக்குப் படைக்காமல் யார் தொடுவது? எனக்கு மட்டும் அம்மா மறைவாக ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். புதுப் பாவாடையோடு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக மேளம் முழங்கத் தொடங்கியபோது அத்தையின் கை நடுங்கியது. உள்ளங்கை ஈரமாகி என் பிடி வழுக்கியது. வேர்வை நெற்றி விபூதியைக் கரைத்துக்கொண்டு ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "யாரு புள்ள நீ?" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. "சாமி வந்துருச்சு! முருகன் வந்துட்டான்!" என்று கத்தினாள். அவ்வளவுதான், கூட்டம் சூழ்ந்துகொண்டது. மேளக்காரர்கள் தாமதத்துக்கும் சேர்த்து வெளுத்து வாங்கினார்கள். ஒரே குலவைச் சத்தம். ஒருத்தி காலில் விழுந்து மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். ஊர்ப் பெரியவர் கைகூப்பி, "என்ன குறைன்னு சொல்லு அப்பனே" என்றார். அத்தை நாக்குக் குழற, "பசிக்குது, பசிக்குது" என்றாள். முருகனுக்கே பசியா என்று ஊர் பதறிப்போனது. இனி வருடாவருடம் அன்னதானம் போடுகிறோம் என்று பெரியவர் அங்கேயே சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் அம்புட்டுப் பேர் இருக்க, முருகன் என் அத்தையையல்லவா தேடி வந்திருக்கிறான்!

தள்ளாடி நகர்ந்தவள் கோயிலின் கல்படியில் இடறிப் பக்கவாட்டில் விழுந்தாள். சாமி மலையேறிவிட்டது என்றார்கள். யாரோ பஞ்சாமிர்தத்தைக் கொண்டுவந்து ஊட்டினார்கள். கொஞ்சங்கொஞ்சமாக அத்தையின் கண் தெளிந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிரசாதத்தின் மகிமை என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எழுந்திருக்கத்தான் அவளால் முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

திண்டுக்கல்லில் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்ததோடு சரி. "வர்ற வருசம் போவோம்டி" என்று ஒவ்வொரு தைக்கும் சொல்வாள். முதலில் நம்பினேன். பிறகு அவளுக்காக நம்புவதுபோல் இருந்தேன். நான் கல்லூரிக்குப் போன வருடம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாதி வழியில் என்னை விட்டுவிட்டாவது போயிருக்கலாம், அவளோடு அந்தப் பாதி வழியாவது நடந்திருப்பேன் என்று இப்போதும் ஏங்குகிறேன்.

போன வருடம் அப்பாவுக்கும் சர்க்கரை வந்தது. மாத்திரை எழுதிய டாக்டரம்மா, "சாப்பிடாம மட்டும் இதைப் போட்றாதீங்கய்யா. சர்க்கரை இறங்கிப் போயி வேர்க்கும், நடுங்கும், எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது. வயசானவங்க நிறையப் பேரு இப்படித்தான் விழுந்து எலும்ப முறிச்சுக்கிறாங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா அந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஊரில் அன்னதானம் இன்றைக்கும் விமரிசையாக நடக்கிறது. முருகன் வாய்விட்டுக் கேட்ட சோறு என்று மைக்கில் சொல்லித்தான் பந்தியை ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில், ஆக்கிய சோற்றுக்குப் பக்கத்திலேயே நின்று பசிக்கிறது என்று சொன்னது என் அத்தைதான் என்பது, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.