ஆதம்பாவா அசைக்காத ஹேண்டில்

காத்தான்குடி மெயின் வீதியில், நடுவில் நட்ட பேரீச்ச மரங்களுக்கு நேர் எதிரே ஆதம்பாவாவின் தையல் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. களிசான் என்கிற நீளக் காற்சட்டை தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சொன்ன நாளில் கொடுக்காமல் விடுவதிலும் அப்படித்தான் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் அவரிடம்தான் தைக்கிறது.

அவருக்கு ஒரு பிடிவாதம். பழைய அளவுக்குத் தைக்கமாட்டார். பெருநாள் நெருங்கினால் கத்தாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் இளந்தாரிகள் போன் எடுத்து, அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவார்கள்.

"காக்கா, போன முறை அளவுதான். ரெண்டு களிசான் தைச்சு வைங்க, வந்து எடுக்கன்."

"ஆள் வரட்டும்."

"நான் ஒண்டும் மாறல்ல காக்கா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற. வந்து நிண்டாத்தான் வயிறு உண்மைய சொல்லும்."

கடல் கடந்து போன உடம்பு போன மாதிரியே திரும்பி வராது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியை அவர் ஒரே ஒருவனுக்காக மீறினார். அவன் அவருடைய மகன்.

இன்ஷாப் நல்ல நெட்டை. கைகளும் நீளம். கொழும்பில் யாரோ ஓடி அலுத்த ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து, விடியலில் சுபஹு தொழுததும் வாவிக்கரை வழியே பறப்பான். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் கீழே வளைந்த ஹேண்டில் அதற்கு. அந்த ஹேண்டிலைப் பிடித்து நிற்கும் கழுத்துத் துண்டை அவன் இறக்கக்கூடிய மட்டும் இறக்கி, உயர்த்துவதற்கென்று வைத்த கறுப்பு வளையங்களை எல்லாம் அதற்கு மேலே தூக்கிப் போட்டிருந்தான். ஏறிக் குனிந்தால் முதுகு மேசையாகக் கிடக்கும். "தேத்தண்ணிக் கோப்பை வைக்கலாம்" என்பாள் அவன் உம்மா நபீஸா. காற்று மேலால் போகவேண்டும் என்பான் அவன்.

பிறகு ஏறாவூரில் கலியாணம். இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். மற்ற ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் அழுவார்கள். இங்கே ஆணைப் பெற்றவர்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு அழாமல் இருப்பார்கள். இன்ஷாப் உடுப்புகளைக் கொண்டுபோனான், சைக்கிளை விட்டுப்போனான்.

"அரைக் களிசானோட மாமிட முன்னால ஏறி இறங்க ஏலா வாப்பா."

அடுத்த ஆண்டே கத்தாரில் கட்டட வேலை. அங்கிருந்து போனில் சொன்னான்: "சும்மா வச்சா டயர் பழுதாப் போகும். நீங்க ஓடுங்க வாப்பா. ஹேண்டில மட்டும் அசைக்க வேணாம், அது என்ட அளவு. வந்து அப்பிடியே ஏறி ஓடுவன்."

ஆதம்பாவா அதில் ஏறி ஓடினார். அவர் கட்டையான ஆள். அந்த ஹேண்டிலை எட்டிப் பிடித்தால் முகம் முன் சில்லுக்கு முத்தம் கொடுக்கப் பார்க்கும். வீதியைப் பார்க்கக் கழுத்தை ஆமைபோல் தூக்கவேண்டும். சைக்கிள் கடை றுஸ்திக்கு இது பொறுக்கவில்லை.

"டெய்லர் காக்கா, சைக்கிள் ஓடுறீங்களா, ரோட்டுல ஊசி தேடுறீங்களா?"

"உன்ட வேலையப் பாரு."

"இதுதான் காக்கா என்ட வேல. அந்த வளையங்களக் கழத்திக் கழுத்துக்குக் கீழ போட்டா ஹேண்டில் உசந்திரும். முழங்கை கொஞ்சம் மடியோணும். இப்ப உங்கட கை ரெண்டும் கொடிக்கம்பி மாதிரி விறைச்சு நிக்கிது. பாரமெல்லாம் உள்ளங்கையில."

"வேணாம். அது அவன்ட அளவு."

"அவன் இஞ்ச இல்லியே காக்கா?"

ஆதம்பாவா பெடலை மிதித்தார். திரும்பி முறைக்கத்தான் நினைத்தார், கழுத்து திரும்பவில்லை.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகத் தொடங்கின. நூல் கோர்க்க நபீஸாவைக் கூப்பிடவேண்டி வந்தது. பொத்தான் ஒன்றை அவர் உட்பக்கம் வைத்துத் தைத்த கதை ஊரில் நல்ல விலைக்குப் போனது.

"மகன் வந்து ஓடக்குள்ள, உங்களையும் ஹேண்டில்ல கொழுவிக்கொண்டு போகட்டும்" என்றாள் நபீஸா, நூலை எச்சில் தொட்டுக் கூராக்கியபடி.

அவரும் சிரித்தார். ஆனால் ஒரு வளையத்தையும் தொடவில்லை. ஹேண்டிலை உயர்த்தினால் சைக்கிள் தன்னுடையதாகிவிடும். தன்னுடையதாகிவிட்டால் அவன் வரமாட்டான். இதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கணக்குப் பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள்.

லீவு பெருநாளுக்குப் பெருநாள் தள்ளிப்போனது. இடையில் ஒருகாலம் போனில் முகம் காட்டாமல் குரல் மட்டும் வந்தது. பிறகு ஒருநாள்: "முதுகுல கொஞ்சம் புடிப்பு வாப்பா. வேலைய விட்டுட்டு வாறன்."

ஆதம்பாவாவுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது. சாம்பல் நிறத் துணி எடுத்து மகனுக்கு ஒரு களிசான் வெட்டினார். ஆள் வந்து நிற்கவில்லை. பழைய அளவு.

வந்தவன் முறைப்படி மனைவி வீட்டுக்குத்தான் வந்தான். நபீஸா பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். ஆதம்பாவா களிசான் பையை முதுகில் கட்டிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு, கல்லடிப் பாலம் கடந்து, தன்னாமுனை தாண்டி, ஏறாவூர் வரை குனிந்தபடியே மிதித்துப் போனார்.

விறாந்தையில் இன்ஷாப் கதிரையில் இருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். சேட்டுக்கு மேலால் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டி.

"பாத்தியா? நீ வச்ச மாதிரியே இரிக்கி. ஒரு நூல் அசையல்ல" என்றார் ஆதம்பாவா மூச்சு வாங்க.

இன்ஷாப் கதிரையின் கைகளை ஊன்றி, சாத்தி வைத்த ஏணியை நிமிர்த்துவது போல் எழும்பினான். சைக்கிளுக்குக் கிட்ட வந்து, ஹேண்டிலைப் பார்த்து, கையை நீட்டினான். பாதிவழியில் கை நின்றது. முகம் வியர்த்தது. இன்னும் எட்டப் பார்த்தான்.

மனைவி ஹப்ஸாவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "வேணாம் விடுங்க! மாமா, கட்டடத்துல ரெண்டாம் தட்டுல இருந்து விழுந்த இவர். முதுகுக்குள்ள கம்பி வச்சிரிக்கி. இனிக் குனிய ஏலாதாம். உங்களுக்குச் சொல்லப்படா எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கிட்டார்."

நபீஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோடு நின்றாள். முற்றத்தில் கோழி ஒன்றைத் தவிர ஒருவரும் அசையவில்லை.

"கொஞ்சம் உசத்துங்க வாப்பா" என்றான் இன்ஷாப். "ஆணி கழத்துற சாவி சீட்டுக்குக் கீழ பையில இரிக்கி. மேல் ஆணிய முதல் கழத்துங்க."

ஆதம்பாவா கழற்றினார். மரத்த விரல்களிலிருந்து ஒரு வளையம் நழுவி உருண்டது. நபீஸா ஓடிப்போய் எடுத்துவந்தாள். வளையங்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. ஹேண்டில் உயர்ந்தது. றுஸ்தி சொன்ன உயரம்.

"இன்னும் கொஞ்சம்."

ஹேண்டிலையே கழற்றி, கழுத்தைத் தலைகீழாய்ப் பிரட்டிப் பூட்டினார். இப்போது அது வானத்தைப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் உசத்த ஏலாதா?"

"வளையம் முடிஞ்சி மகன்."

கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். நிமிர்ந்து நின்ற மகனின் கையிலிருந்து ஹேண்டில் வரை பிடித்துப் பார்த்தார். நாலு விரல் குறைந்தது. இன்ஷாப் அந்த நாலு விரலைப் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பிடித்தான்.

"சரி வாப்பா. அளவாத்தான் இரிக்கி."

வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு சரி என்று சொல்பவர்களை ஆதம்பாவா காலமெல்லாம் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு அவர் கொடுக்கும் வசவு கடைத்தெருவெல்லாம் பிரபலம். இப்போது அவர், "ஓம் மகன், அளவாத்தான் இரிக்கி" என்றார்.

இன்ஷாப் ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்து உருட்டிக்கொண்டு, ஊன்றுகோலாக்கி, முற்றத்தில் ஒரு சுற்று நடந்தான். அந்த வேலைக்கு அது நல்ல சைக்கிள்தான்.

திரும்பும்போது இருவரும் பஸ்ஸில். பை ஆதம்பாவாவின் மடியில் இருந்தது.

"களிசான ஏன் குடுக்கல்ல?" என்றாள் நபீஸா.

"தையலப் பிரிச்சுக் கொஞ்சம் சின்னதாக்கோணும்."

அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது அவர் வாவியைப் பார்க்கவில்லை. தன் சுண்டு விரலை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.