ஜென்ஹாயின் கலைந்த புத்தகம்

என் புருஷன் ஜென்ஹாயை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்து நாலு வயசு. சீனாவின் லான்ஜோ நகரத்தில் பனியாறுகளை ஆராயும் ஒரு நிலையத்தில் உதவியாளன். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், ஆங்கிலத் தேர்வில் மார்க் வாங்கினால் முனைவர் படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

படிக்காமல் இல்லை. விடிந்தும் விடியாமலும் ஆற்றங்கரையில் நின்று கத்திக் கத்தி மனப்பாடம் பண்ணுவான். கக்கூசுக்குக்கூட ஆங்கில வார்த்தைகளும் அர்த்தமும் போட்ட சிவப்பு அட்டைப் புத்தகத்தோடுதான் போவான். அதில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரனே வாயைத் திறந்து சொல்லாத வார்த்தைகள். மகள் தோதோ பத்துத் தரம் கூப்பிட்டாலும் காதில் விழாது. தண்ணீர் ஊற்றாமலே குக்கரில் அரிசியைப் போட்டுக் கருக்குவான்.

ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கி, நடுவில் ஒரு வார்த்தையை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மறைத்தேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"மேல என்ன வார்த்தை இருக்கு?"

"அது எதுக்கு? இதைச் சொல்லு."

"வென்சியூ, மேல இருக்கறதைச் சொன்னாத்தான் இது வரும்!"

அடப்பாவி மனுஷா! வார்த்தையைப் படிக்கவில்லை, வரிசையைப் படித்திருக்கிறான். பரீட்சைக் கம்ப்யூட்டர் என்ன இவனுக்காக வரிசையிலா கேட்கும்?

கத்தியால் தையலை அறுத்து, பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அந்தப் புது வரிசையையும் நெட்டுரு போட்டுவிட்டான். திரும்பவும் குலுக்கினேன். அதையும் நெட்டுரு போட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மொத்தக் கட்டையும் அள்ளி ஐந்தாம் மாடி ஜன்னல் வழியாக வீசிவிட்டேன்.

கீழே முற்றத்தில் பெண்கள் பாட்டுப் போட்டுக் கூடி ஆடும் சாயங்கால ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. "என்னடி வென்சியூ, கல்யாணமா, காகிதம் தூவுறே?" என்று ஆட்டத்தை நடத்தும் அக்கா கத்தினாள். நான் ஜன்னலிலேயே நின்று முழுக் கதையையும் சொல்லி அழுதேன். ஆளாளுக்குப் பக்கங்களைப் பொறுக்கினார்கள். திருப்பித்தான் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஜென்ஹாய் படியிறங்கினால் போதும், பிடித்துக்கொள்வார்கள். வெண்டைக்காய் விற்கிறவள் ஒரு வார்த்தையைக் காட்டுவாள். வாசல் காவல்காரர் ஹௌ தாத்தா அர்த்தத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு நீட்டுவார். பதில் சொன்னால்தான் கேட் திறக்கும். தப்பாகச் சொன்னால், "இந்த மூஞ்சி அமெரிக்கா போகுமாம்!" என்று ஆட்டக்கார அக்கா ஊருக்கே கேட்கும்படி சிரிப்பாள். யாரிடம் எந்தப் பக்கம் இருக்கிறது, எப்போது எதை நீட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பாவம், வேறு வழியில்லாமல் வார்த்தையைப் படிக்க ஆரம்பித்தான்.

பரீட்சை மையம் இருக்கும் ஷியான் நகரத்துக்கு ரயிலேறிப் போய்ப் பரீட்சை எழுதினான். முடிந்ததும் கம்ப்யூட்டரிலேயே மார்க்கைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினான். "வந்துருச்சு, வென்சியூ! மார்க் வந்துருச்சு!" முற்றமே ஆர்ப்பரித்தது. நானும் கத்தினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. படிப்பு அஞ்சு வருஷம். அவனுக்குக் கிடைக்கும் உதவித்தொகை ஒரு ஆளுக்கே பத்தாது, நானும் தோதோவும் இங்கேதான். பாஸாகணும் என்று நாயாய்ப் பாடுபட்டவள் நான்தான். பாஸானதும் உட்கார்ந்து அழுதவளும் நான்தான்.

அவன் போன பிறகு ஒரு மழை நாளில் ஹௌ தாத்தா கதவைத் தட்டினார். கையில் சேறு படிந்த ஒரு பக்கம். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் கிடந்ததாம்.

"எங்க அவன்? வரச் சொல்லு, கேக்கணும்..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் சுருங்கிப் போயிற்று.

"என்னைக் கேளுங்க தாத்தா," என்றேன்.

அவர் கட்டை விரலால் அர்த்தத்தை மறைத்து, ஒரு வார்த்தையைக் காட்டினார்.

"மேல என்ன வார்த்தை இருக்கு, தாத்தா?" என்று கேட்டேன்.