மேபலுக்குக் கிடைக்காத ஈரல்

ஹோரஸ் ஆக்ஸ்லியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் யோசிக்காமல் சொல்வேன். சுரங்கத்தில் கூரை சரிந்த அன்று, தப்பி வெளியே வந்தவன், உள்ளே மாட்டிக்கொண்டவனை இழுத்து வருவதற்காக மறுபடியும் உள்ளே போனான். நான் பக்கத்து வீட்டுக்காரி. என் புருஷன் போன பிறகு என் வீட்டுக்கு வேண்டிய கரியையும் அவன்தான் அள்ளிக் கொண்டுவந்து போடுவான், ஒரு கப் தேநீர்கூட வாங்கிக் குடிக்காமல். இதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொல்வேன். அவனைப் போல வீம்பு பிடித்த மனுஷன் எங்கள் யார்க்ஷயர் வட்டாரத்திலேயே இருக்க மாட்டான். அந்த வீம்பு ஒரு உயிரைத் தின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஊர் தோர்ன்கேட்டில் சுரங்கத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் புறா வளர்ப்பார்கள், மீதிப் பேர் ஃபெரெட் வளர்ப்பார்கள். ஃபெரெட்டைக் கீரிக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள உடம்பு, குட்டைக் கால். முயல் வளையின் வாசல்களில் வலையை மாட்டிவிட்டு ஃபெரெட்டை உள்ளே விட்டால், முயல்கள் அலறியடித்து வெளியே பாய்ந்து வலையில் விழும். ஹோரஸிடம் இருந்தது மேபல். பால் நிறத்தில் ஒரு பெண் ஃபெரெட். கொல்லையில் கூண்டு கட்டி வைத்திருந்தான். சட்டைக்குள் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கே போவான். டோரீனிடம், அதாவது அவன் பெண்டாட்டியிடம் பேசியதைவிட மேபலிடம் பேசியதுதான் அதிகம்.

மேபலுக்குச் சாப்பாடு ரொட்டியும் பாலும். மேபலுக்கு மட்டுமில்லை, எங்கள் தெருவில் எல்லா ஃபெரெட்டுக்கும் அதுதான். அப்பன், பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். இறைச்சி ருசி கண்டால் ஃபெரெட் வளைக்குள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டு அங்கேயே சுருண்டு தூங்கிவிடும், போதாததற்கு வளர்த்தவன் கையையும் கடிக்கும் என்று சொல்வார்கள். இதை மறுத்துப் பேசிய ஒரே ஆள் ஸ்டான்லி ஹெப்டன். டோரீனின் கூடப் பிறந்த தம்பி. பின்தெருவில் வீடு, இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். அவன் தன் ஃபெரெட்டுகளுக்கு முயல் தலை, ஈரல், குடல், ரோமத்தோடு கால் என்று பச்சையாகப் போடுவான். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் இதைப் பற்றி அடித்துக்கொள்வதைக் கேட்பதே எனக்குப் பொழுதுபோக்கு.

“ஒரு நாள் உன் செல்லம் உன் விரலக் கடிச்சுத் துப்பப் போவுது. அன்னிக்கு அழுதுகிட்டு எங்கிட்ட வராத,” என்பான் ஹோரஸ்.

“பால் குடிக்கறதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா மச்சான்? அதோட வாயத் தெறந்து ஒரு தடவ பாரு. ரொட்டி கடிக்கற பல்லா அது?”

“உங்கப்பன் பால்தான் ஊத்தினான்.”

“அதான் வருஷத்துக்கு ஒண்ணு செத்துச்சு.”

பிறகு இரண்டு பேரும் ஒன்றாகக் குடிக்கப் போய்விடுவார்கள்.

அப்புறம் வேலைநிறுத்தம் வந்தது. மார்ச்சில் ஆரம்பித்தது இலை உதிர்ந்தும் முடியவில்லை. ஊர் மண்டபத்தில் பொதுச் சமையல் நடந்தது. உருளைக்கிழங்கு உரிப்பது என் வேலை. இறைச்சிக்கு எங்கே போவது? வாரத்துக்கு இரண்டு தரம் ஹோரஸ் மேபலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவான், சாக்கு நிறைய முயலோடு வருவான். தோலுரித்து மண்டபத்தில் கொடுத்துவிடுவான். எங்கள் பிள்ளைகள் அந்த மாதங்களில் தின்ற இறைச்சியெல்லாம் மேபல் விரட்டியதுதான். ஈரல், இதயம் எல்லாம் குழம்புக்கே போகும். மேபலுக்கு, நன்கொடைப் பெட்டியில் வந்த பால்பவுடரைக் கரைத்து அதில் வெள்ளை ரொட்டி.

நவம்பரில் ஒரு விடியற்காலை, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பஸ்ஸில் ஸ்டான்லி வேலைக்குப் போனான். முன்னும் பின்னும் போலீஸ் வேன். வேலைநிறுத்தத்தை உடைத்த கருங்காலி! சாயங்காலத்துக்குள் அவன் வீட்டுச் சுவரில் அந்த வார்த்தையைப் பெயிண்டில் எழுதிவிட்டார்கள். அதோடு சரி, அவனோடு யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் கருங்காலியை அடிக்க மாட்டார்கள், திட்டுவதுகூடக் கொஞ்ச நாள்தான். அதன் பிறகு முதுகைக் காட்டிவிடுவார்கள், பேச மாட்டார்கள். சாகும்வரை பேச மாட்டார்கள். ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடுமே. டோரீனும் பேசவில்லை. கொல்லையில் துணி உலர்த்தும்போது தம்பி நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உள்ளே வந்து அழுவாள்.

மேபலுக்கு உடம்பு சரியில்லை என்று டிசம்பரில் எனக்கே தெரிந்துவிட்டது. ரோமம் எண்ணெய்ப் பசையில்லாமல் நட்டுக்கொண்டு நின்றது. எந்நேரமும் தூக்கம். எழுப்பினால் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். வாயில் நூல் நூலாக எச்சில் வழியும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். கழிவு பச்சையாக, தண்ணீராக. நடந்தால் பின்னங்கால் இரண்டும் கூட வராமல் இழுபடும்.

“குளிரு. வேறொண்ணுமில்ல,” என்றான் ஹோரஸ். கூண்டில் வைக்கோலைக் கூட்டினான். பாலில் ஒரு சொட்டு விஸ்கி விட்டான்.

“ஒரு துண்டு ஈரல் குடுத்துத்தான் பாரேன்,” என்றாள் டோரீன்.

“உன் தம்பி பேச்சப் பேசறியா?”

அன்றே அவன் கூண்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அந்தக் குளிர்காலத்தில் திருட்டுப் பயம் எல்லோருக்கும் இருந்தது என்றாலும், பூட்டு திருடனுக்காகப் போட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் டோரீனும் கொல்லையில் இருந்தோம். ஹோரஸ் மேபலைப் புல்லில் விட்டிருந்தான். அது இரண்டடி நகர்ந்து பொத்தென்று படுத்துக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லி வந்து நின்றான்.

“மச்சான், நீ பேச வேணாம். காது மட்டும் குடு. அதுக்குக் குளிர் இல்ல, பட்டினி. வயிறு நெறஞ்சிருக்கு, உடம்பு பட்டினி. சத்தில்லாமத்தான் கால் போகுது. பால நிறுத்து. பச்ச இறைச்சி, எலும்போட நசுக்கிப் போடு. ஒரேயடியா வேணாம், கொஞ்சங் கொஞ்சமா, மணிக்கொரு தரம். இன்னும் நாள் போச்சுன்னா நான் சொல்லியும் பிரயோசனமில்ல.”

ஹோரஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஸ்டான்லி ஒரு காகிதப் பொட்டலத்தை வேலிக்கு மேலே தூக்கிப் போட்டான். அது புல்லில் விழுந்து பிரிந்தது. இரண்டு முயல் ஈரல், ஒரு இதயம். மேபல் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. ஹோரஸ் போய்க் கரி அள்ளும் மண்வாரியை எடுத்துவந்தான். கையால் தொடாமல் அதைப் பொட்டலத்தோடு அள்ளி வேலிக்கு அந்தப் பக்கமே வீசினான். நாங்கள் இறைச்சிக்காக ஏங்கிய நாட்கள் அவை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மண்வாரியைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போட்டிருப்பேன்.

கிறிஸ்துமஸ் அன்று மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. முயல் வேண்டும். முந்தின நாளே ஹோரஸ் மேபலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

“அது நிக்கவே மாட்டேங்குதே, அதப் போயா?” என்றேன்.

“வளைக்குள்ள போனா ரத்தம் ஓடும். நீ வலை புடிக்க வரியா இல்லியா?”

போனேன். ரயில்பாதைக் கரையில் பெரிய வளை. மேபல் வாசலில் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் விரலால் தள்ளினான். பின்னங்காலை இழுத்துக்கொண்டே உள்ளே போனது. ஒரு முயல் வந்தது. ஒன்றே ஒன்று. அதன் பிறகு சத்தமில்லை. ஹோரஸ் தரையில் காதை வைத்துக் கேட்டான்.

“தூங்கிட்டா, திமிர் புடிச்சவ,” என்றான். ஆனால் காதை எடுக்கவில்லை.

தோண்ட ஆரம்பித்தான். மண் உறைந்து கல்லாய்க் கிடந்தது. கரையின் அந்தக் கோடியில் வலை போட்டிருந்த ஸ்டான்லி மண்வெட்டியோடு வந்தான். எங்களைப் பார்க்காமல் மேல்பக்கத்திலிருந்து தோண்டினான். ஹோரஸ் அவனைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. இரண்டு பேரும் மூச்சு வாங்க, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தோண்டினார்கள்.

ஸ்டான்லிக்குத்தான் மேபல் கிடைத்தது. துணி மாதிரித் தொங்கியது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. அவன் அதைத் தன் மார்போடு அணைத்துத் தேய்த்தான். தன் இடுப்பில் தொங்கிய, அப்போதுதான் பிடித்த முயலின் வயிற்றைக் கீறி, ஆவி பறக்கும் ஈரலில் ஒரு துணுக்கைக் கிள்ளி அதன் ஈறில் தடவினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு வந்தது. நக்கியது. கடித்தது. விழுங்கியது. இன்னும் வேண்டும் என்று அவன் விரலைத் தேடியது. கடவுளே, நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

“பாத்தியா மச்சான்,” என்றான் ஸ்டான்லி மெல்ல. “இத மட்டும் குடு. என்னக் காறித் துப்பு, பரவால்ல. இதக் குடு.”

ஹோரஸ் கையை நீட்டி மேபலை வாங்கினான். அதன் வாயில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தான். சுத்தமாக, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்தான். சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான்.

வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன். “அடப் பாவி, தின்னுச்சே! நீயும்தானே பாத்த! நம்ம முயல்லயே ஈரல் இருக்கே, அதயாவது குடுடா!”

“நீ வலை புடிக்கத்தான் வந்த,” என்றான்.

வீட்டில் பால்பவுடரைக் கரைத்து, ரொட்டியை ஊறவைத்து அதன் முன்னால் வைத்தான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிறிஸ்துமஸ் அன்று காலையில் செத்துக் கிடந்தது.

கொல்லை மூலையில் குழி வெட்டினான். டோரீன் அதை நல்ல துண்டு ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஹோரஸ் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மண்ணைத் தள்ளி முடித்ததும் டோரீன் கேட்டாள்.

“அவன் சொன்னத நீ நம்பலியா, ஹோரஸ்?”

அவன் மண்வெட்டியின் மேல் சாய்ந்தான்.

“நம்பினேன்.”

“எப்பலேருந்து?”

“வேலிக்கு மேல பொட்டலம் விழுந்தப்பவே. அது மோப்பம் புடிச்சுதே, அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“பின்ன ஏன், ஹோரஸ்?”

“ஒரு கருங்காலி சொல்லிக்குடுத்து அது பொழச்சுதுன்னா, நான் எப்பிடி டோரீன் வெளிய தலகாட்டறது?”

 டோரீன் பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணை உதறிவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் மண்டபத்தில் பிள்ளைகள் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒற்றை முயலைப் போட்டுச் செய்த குழம்பை நான்தான் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஹோரஸ் எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து டோரீனுக்கு இடம் விட்டு நகர்ந்தான். தட்டோடு வந்த டோரீன் அவனைத் தாண்டிப் போய், எதிர்ப் பெஞ்சில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “டோரீன்,” என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். அப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அந்த மண்டபத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றாம் தரம் அவன் கூப்பிடவில்லை.