மாரண்டஹள்ளியில் ஓர் இருபத்தைந்து சதவீத அண்ணன்

இந்தப் பக்கத்தில் இதுவரை அருவி, மலைச்சாலை, எந்த ஊர் மெஸ்ஸில் மீன்குழம்பு வாயில் வைக்க முடியும் என்றெல்லாம்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணம் அந்த வகை இல்லை. மரபணுச் சோதனை செய்துவிட்டு, முன்பின் தெரியாத சொந்தத்தைப் பார்க்கப் போகலாமா என்று இரண்டு மூன்று பேர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு தடவை எழுந்தும் போனேன்.

நான் தர்மபுரியில் ஓர் இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவள். பெங்களூரில் வளர்ந்தேன். முப்பத்தாறு வயதாகிறது. என்னை வளர்த்த அம்மா அப்பாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் பெற்றவள் ஏன் விட்டாள் என்ற கேள்வி பல்லில் மாட்டிய நார் மாதிரி கூடவே இருந்தது. கல்யாணமாகாத ஒரு பெண், பாவம், ஊருக்குப் பயந்து விட்டிருப்பாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணை எப்போதோ மன்னித்தும் விட்டிருந்தேன். போன ஆண்டு ஓர் ஆசையில் எச்சில் சோதனைக்கு அனுப்பினேன். தூரத்துச் சொந்தம் ஏதாவது வரும் என்று பார்த்தால், முதல் வரியிலேயே மாதேஷ் என்று ஒருவர். இருவருக்கும் பொதுவான மரபணு இருபத்தைந்து சதவீதம். தாத்தா, சித்தப்பா, அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பொதுவான அண்ணன், இந்த மூன்றில் ஒன்று என்றது தளம். அவருக்கு என்னைவிட ஒரே வயதுதான் கூட. அப்புறம் என்ன, அண்ணன்தான்.

மாதேஷ் ஓசூரில் மென்பொருள் வேலை பார்க்கிறார். அமெரிக்காவுக்கு வேலையாகப் போனபோது, அலுவலகத்தில் எல்லோரும் செய்கிறார்களே என்று அவரும் இந்தச் சோதனையைச் செய்திருக்கிறார். மூன்று மாதம் போனில் பேசினோம். நான் அண்ணா என்பேன், அவர் சொல்லும்மா என்பார். அவருடைய அப்பா முனியப்பன் லாரி வைத்துப் பெங்களூருக்குத் தக்காளி ஏற்றியவர், இறந்து நாலு வருடமாகிறது. அவர்தான் எங்கேயோ தவறியிருக்கிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவுகட்டிவிட்டோம். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டேன், நேரில் வா என்று மாதேஷ் கூப்பிட்டதும், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாக மாரண்டஹள்ளி சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான். இதில் ஏறிவிட்டுக் கண்டக்டரை முறைக்காதீர்கள். நான் முறைத்தேன், பஸ்ஸே சிரித்தது. ராயக்கோட்டை தாண்டியதும் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது, ஆனால் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"லாரிக்காரர் முனியப்பன் வூட்டுக்குங்களா? தங்கமான மனுசங்க அவுரு. ரோட்ல ஒரு பொம்பள நின்னா தல நிமுந்து பாக்க மாட்டாருங்க. நீங்க சொந்தமா?"

"அப்படித்தான் சொல்றாங்க" என்றேன். தங்கமான மனிதரின் பேரில் சேறு பூச ஆட்டோ வைத்துப் போகிறோமே என்று இருந்தது.

வீட்டு வாசலில் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேடுகள். மாதேஷ் போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம். அவருடைய அம்மா ராஜம்மா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், வாயில் வெற்றிலை. என்னைப் பார்த்ததும் எழுந்தவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார். சுவரில் முனியப்பனின் படம், பூ இல்லாமல்.

"விசயம் சொன்ன நாள்லேந்து அம்மா அப்பாவுக்குப் பூ வெக்கறதே இல்ல. கோவம்" என்று மாதேஷ் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். காபி வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாதேஷ்தான் ஆரம்பித்தார். "எங்கப்பா உங்கம்மாவுக்குப் பண்ண தப்புக்கு, அவுரு சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேம்மா."

"நிறுத்துடா!"

ராஜம்மா அவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாதேஷும்தான்.

"உங்கப்பன் ஒரு தப்பும் பண்ணல. செத்த மனுசன் மேல பழி போடாத. இது அவுரு புள்ள இல்ல. எங்கண்ணன் புள்ள."

அந்தக் குடும்பத்துக் கல்யாணக் கதை அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. ராஜம்மா பென்னாகரம் பக்கத்துப் பெண். அவரை முனியப்பனுக்குக் கொடுத்து, முனியப்பனின் தங்கை காவேரியை ராஜம்மாவின் அண்ணனுக்கு எடுத்திருக்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. ஒரே பந்தலில் இரண்டு தாலி. அந்த இரண்டு ஜோடிகளின் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி நாலு பேரும் ஒன்று. அதனால் மாமன் பிள்ளை அத்தை பிள்ளைக்கு வழக்கமாக இருக்கும் பன்னிரண்டரை சதவீதம் இரட்டித்து இருபத்தைந்தாகிவிடும். தகப்பன் மட்டும் ஒன்றான அண்ணன் தங்கைக்கும் அதே இருபத்தைந்துதான். எங்கேயோ உட்கார்ந்து கணினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு மாரண்டஹள்ளிச் சம்பந்தம் எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய எனக்கும் மாதேஷுக்குமே தோன்றவில்லையே.

"அப்படின்னா உங்களைச் சோதிச்சாலே தெரிஞ்சிடும்" என்றேன். நான் அவர் புருஷனின் பிள்ளையாக இருந்தால் எனக்கும் அவருக்கும் ரத்தச் சம்பந்தம் இருக்காது. அண்ணன் பிள்ளையாக இருந்தால் கால்வாசி ஒத்துப்போகும். பையில் எச்சில் சோதனைக் கிட் ஒன்று கூடுதலாக இருந்தது.

"பண்ணு கண்ணு. இப்பவே பண்ணு" என்று அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். கொப்பளித்த பின் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அந்த அரை மணி நேரத்தில்தான் மீதியைச் சொன்னார்.

"காவேரிக்கு மொதல்ல ரெண்டும் பொண்ணு. மூணாவதுக்கும் பொறந்த வூட்டுக்கு, இங்கதான் வந்தா. இதுவும் பொட்டப்புள்ளயா இருந்தா திரும்பி வர வேணாம், வேற பொண்ணு பாத்துக்கறோம்னு எங்காத்தா அங்கிருந்து சொல்லி வுட்டுது. அவ இங்கயே தங்கிட்டா, நான் அங்க போகணும். பொண்ணு குடுத்து எடுத்த வூட்டுல அதான் வழக்கம். இடுப்புல இவன் இருக்கறான், ஒரு வயசு. நான் எங்க போவேன்?"

"நீ பொறந்த. அவளுக்குக் காய்ச்சல், நெனப்பே இல்ல. என் மாமியாரு, கத முடிச்சிரு ராஜம்மான்னு எங்கிட்டயே குடுத்துது. எனக்குக் கை வரல. விடிகாலைல துணில சுத்தி, மொத பஸ்ஸப் புடிச்சு, தர்மபுரி ஹோம்ல வுட்டுட்டு வந்துட்டேன். செத்துப் போச்சு, பொதச்சிட்டேன்னு சொன்னேன். மாமியாருக்கும் அதான். உன் மாமா தக்காளி லோடு ஏத்திக்கிட்டுப் போயிருந்தாரு, அவுருக்கும் அதான். காவேரிக்கும் அதான்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"சாகற வரைக்கும் தெரியாது கண்ணு. ஏழு வருசமாச்சு அவ போயி. உங்கப்பன் அதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

இத்தனை வருடம் நான் மன்னித்துக்கொண்டிருந்தவள் என்னை விடவே இல்லை. மன்னிப்பதற்கு அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

"அவளுக்குப் பால் கட்டிக்கிச்சு. வலி தாங்காம துடிச்சா. இவனத் தூக்கி அவ மடில போட்டேன். உனக்கு ஊறுன பால ஒரு மாசம் இவந்தான் குடிச்சான்." ராஜம்மா, கிரேடுகள் அடுக்கியிருந்த உள் அறையைக் காட்டினார். "அந்த ரூம்தான்."

மாதேஷ் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

முனியப்பன் படத்துக்கு ராஜம்மா பூ வைக்காதது கோபத்தில் இல்லையாம். "தர்மபுரி ஹோம்னு இவன் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. வாய் தொறக்க பயம். பழி அவுரு தலைல வுழட்டும்னு பத்து நாளு சும்மா இருந்துட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பூ வெக்கறது?"

நேரமானதும் குழாயை நீட்டினேன். வாய் உலர்ந்துபோய் அவருக்கு எச்சில் ஊறவே இல்லை. கன்னத்தைத் தடவிவிடச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை, கடைசியில் நானே தடவிவிட்டேன். கோடு வரைக்கும் நிரம்பக் கால் மணி நேரமானது. எல்லாம் முடிந்து மூடியைத் திருகும்போது அவர் சொல்கிறார்: "இனிமே இவன அண்ணான்னு கூப்புடாத கண்ணு. மொற தப்பு. மாமன் ஆகணும் உனக்கு. நீ இங்கயே இருந்திருந்தா இவனுக்குத்தான் உன்னையக் கட்டியிருப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அழுகையில் போய் முடிய ரொம்ப நேரம் ஆகவில்லை. கிளம்பும்போது மாதேஷ்தான் பஸ் ஏற்றிவிட்டார். படிக்கட்டில் நின்றுகொண்டு, "வரேன் அண்ணா" என்றேன். முறை எப்படியோ போகட்டும், என் அம்மாவின் பாலைக் குடித்தவர் அவர்.

போக நினைப்பவர்களுக்கு. மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு, ஓசூர் இரண்டு பக்கமும் பஸ் உண்டு. ஆனால் இந்த மாதிரி வேலையாகப் போனால் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள், அன்றே திரும்பாதீர்கள். நான் திரும்பினேன், ஓசூரில் எந்தப் பஸ் மாறினேன் என்றே நினைவில்லை. சதவீதத்தை மட்டும் வைத்து உறவை முடிவுசெய்யாதீர்கள். நம் ஊரில் அக்கா மகளைக் கட்டியிருப்பார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்திருப்பார்கள். அந்தக் கல்யாணங்களை முதலில் கேளுங்கள். இருப்பவர்களில் மூத்தவரைச் சோதியுங்கள், வெற்றிலை போடுகிறவர் என்றால் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இறந்தவர் பேரில் எதையும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், அவர்களால் எழுந்து வந்து மறுக்க முடியாது.

முடிவு வர ஏழு வாரமானது. எனக்கும் ராஜம்மாவுக்கும் இருபத்தாறு சதவீதம். அன்று சாயங்காலமே போன் செய்தேன்.

"அத்தை, முடிவு வந்துடுச்சு. நீங்க சொன்னதுதான். மாமா மேல எந்தப் பழியும் இல்லை."

"அப்ப இன்னிக்குப் பூ வெச்சர்றேன்" என்றார். பென்னாகரத்தில் இருக்கும் என் இரண்டு அக்காமாரிடமும் அவரே நேரில் போய்ச் சொல்வதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கண்ணு, எம் மேல பழி உண்டா?"

உயிரோடு விட்டதும் இவர்தான், அம்மாவிடமிருந்து எடுத்ததும் இவர்தான்.

"அதுக்கு டெஸ்ட் இல்லைங்க அத்தை" என்றேன்.