வானம் கொடுத்த லீவு

இன்று காலை கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணி உட்கார்ந்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நேற்று ராத்திரி வானத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வந்ததே, அதுதான் காரணம். இடி இல்லை, மேகமும் இல்லை.

மழை பெய்தால் தோட்டத்தில் பால் வெட்டு வேலை கிடையாது. வெளிச்சத்தைப் பார்த்த லயத்து வரிசை வீட்டுச் சனம் மொத்தமும் நாளைக்கு மழைதான் என்று நிம்மதியாகப் படுத்துவிட்டது. விடிந்தால் ஒரு சொட்டு மழை இல்லை. வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் ஓர் ஆளும் இல்லை.

"ஏன் வரலைன்னு கேட்டா, வானமே வெளக்கடிச்சு லீவு குடுத்துச்சு, நடுவுல நீங்க யாரு கங்காணின்னு ஒருத்தி கேக்குறா தம்பி."

"அது என்ன வெளிச்சம் அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? துரைக்கே தெரியல."

"பெரட்டுக்கு ஆள் வரலைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"துரை வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுனப்பதான்."

எங்கள் பக்கம் பிரிக்பீல்ட்சில் யாராவது அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் என்னவென்று சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்று ராத்திரியும் வருமா என்று மட்டும் சொன்னால் போதும். எனக்கும் நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது.