மாமன் மடி

என் இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பல் பதிந்த தழும்பு இருக்கிறது. வளையல் ஏற்றும்போதெல்லாம் கண்ணில் படும். கடித்தவன் ஐந்து வயதுப் பயல். கடிக்க வைத்தது என் பொறாமை.

நாற்பதுகளில் குன்னம் பக்கம் வாந்திபேதி வந்துபோன வருடம், எங்கள் ஊர்ச் சாவடியில் தாய் தகப்பன் இல்லாத நான்கு பிள்ளைகள் மிஞ்சினார்கள். ஆளுக்கொன்றாக எடுத்து வளர்க்கும்படி என் தாய்மாமன் வீடு வீடாக ஏறி இறங்கினார். கஞ்சி ஊற்ற யாரும் மறுக்கவில்லை, வளர்க்கத்தான் தயங்கினார்கள். "நாளைக்கு மொட்ட போட்டுக் காது குத்தணும்னா யாரு மடியில ஒக்கார வைக்கிறது?" என்று கேட்டார்கள். மாமன் இல்லாத பிள்ளைக்குச் சபையில் இடமில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா ஒரு பையனை எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து விட்டார். அம்மா தன் தம்பி சொல்லைத் தட்டமாட்டாள்.

அதுவரை நான் ஒற்றைப் பிள்ளை. மாமாவுக்கும் குழந்தை கிடையாது. அவர் பெரம்பலூர் போய் வந்தால் துண்டு முடிச்சில் இருக்கும் பொரிகடலை எனக்கு மட்டும்தான். அவன் வந்ததும் அது இரண்டு பங்காயிற்று. அவன் எதையும் கேட்கமாட்டான். கேட்காமலே கிடைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பங்கைப் பிடுங்கித் தின்றிருக்கிறேன். அதையும் யாரிடமும் சொல்லமாட்டான். அந்த நல்லபிள்ளைத்தனம் வேறு எரிச்சல்.

தை பிறந்ததும், எங்கள் குலதெய்வக் கோயிலில் அவனுக்குக் காதுகுத்து, நானே மாமனாக உட்காருவேன் என்று மாமா ஊரையே அழைத்தார். அதைக் கண்ணால் பார்த்தால் மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் வீடு கிடைக்கும் என்பது அவர் எண்ணம். இல்லாவிட்டால் அவர்களை எங்கோ தொலைவில் ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

பத்தர் ஊசியை எடுத்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்ற அவனை மாமா தூக்குவதற்குள், நான் ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது வயதுக் கழுதை. இது என் மாமா, எழுந்திருக்கமாட்டேன் என்றேன். அம்மா கை ஓங்கினாள். வளர்க்கிற வீட்டுப் பிள்ளையே ஒத்துக்கொள்ளவில்லையே என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாமாவின் முகம் சிறுத்துப்போனது. ஆனால் என்னை இறக்கிவிடவில்லை.

"எந்திரிக்க வேணாம் ஆத்தா. அவன நீ மடியில வச்சுக்க. ஒங்க ரெண்டு பேரையும் நான் வச்சுக்கறேன்."

சொன்னபடி அவனைத் தூக்கி என் மடியில் வைத்தார். ஊசி இறங்கியபோது அவன் அழவில்லை. என் கையைக் கவ்விக் கடித்தான். ஊர் கேட்க அழுதது நான்தான். கூட்டம் சிரித்தது, சிரித்ததில் இளகியும் போனது. அந்த மாதத்துக்குள் மற்ற மூவரையும் மூன்று வீடுகள் கூட்டிக்கொண்டு போயின. அவர்கள் காதுகுத்துக்கும் மாமாவே மடி கொடுத்தார். ஊர் அவரைப் புகழ்ந்தது. நான் புகழவில்லை. இருந்த ஒரே மாமனை நாலு பேரோடு பங்குபோட்ட வயிற்றெரிச்சல் எனக்கு.

என் மகளுக்குக் காது குத்தியபோது மாமா இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. தா.பழூரிலிருந்து பட்டுப்பாவாடையோடு வந்து மணையில் உட்கார்ந்தவன் அவன்தான். ஊசியைக் கண்டு மகள் அலறினாள். நான் கை நீட்டினேன். அவள் வரவில்லை, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எம் மாமா" என்றாள்.

"வுடுக்கா, கடிச்சா என்னையவே கடிக்கட்டும்" என்றான் அவன்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். தழும்பு அந்தக் கையில்தான். அவன்மேல் பொறாமை, பெற்ற மகள்மேலும் பொறாமை. மாமா இருந்திருந்தால் எங்கள் மூன்று பேரையும் மடியில் ஏற்றிக்கொண்டிருப்பார்.