ஹொப்ஸ் மணக்க மட்டும் நான்

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் நான் சமைக்கும் ஹோட்டலில் பியரும் காய்ச்சுகிறார்கள். அதற்குக் கசப்பும் மணமும் தருவது ஹொப்ஸ் என்கிற பூ. அதை அரைத்து, பச்சை மாத்திரைகளாக அழுத்தி, வெள்ளிப் பைகளில் அடைத்து வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார்கள். புதுப் பை வந்தால் சமையலறைக் கதவில் மேனேஜரின் தலை தெரியும்.

"தங்கச்சி, ஒருக்கா மணந்து பாருங்கோ."

கறிக்கையைக் கழுவிவிட்டுப் போவேன். நாலு மாத்திரையை உள்ளங்கையில் தேய்த்தால் போதும், எனக்குப் பிடிபட்டுவிடும். கஸ்கேட் என்கிற வகை என்றால், எலுமிச்சை இனத்து ஜம்போலாப் பழத்தின் தோலைக் கிள்ளிய வாசம். சிட்ரா வகையில் புளிப்பும் இனிப்புமான கொடித்தோடைப் பழமும் பழுத்த மாம்பழமும். சாஸ் என்கிற வகை அடக்கமானது, மழை விட்ட பிறகு பன்வில மலையில் புல் வெட்டும்போது வருமே, அந்த வாசம், கூடவே ஒரு சிட்டிகை மிளகு. மணத்துக்குப் போடுவதைக் கடைசியில் போடுங்கள், கறியை இறக்கும்போது மல்லியிலை தூவுவது போல, என்று சொன்னதும் நான்தான். எல்லாவற்றையும் மேனேஜர் எழுதிக்கொண்டார். கொஞ்ச நாளில் அது ஆங்கிலத்தில், பளபளக்கும் அட்டையில், வெள்ளைக்காரர்களின் மேசையில் இருந்தது.

பிறகு பியர் காய்ச்சுபவருக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. நான் போய்க் கேட்டேன். அடுப்படியில் நின்று கால் வலிக்கிறது என்பதற்காக அல்ல. அந்த வேலை எனக்கு வரும் என்பதற்காக.

"பொம்பிளையளை அந்த வேலைக்கு எடுக்கேலாது தங்கச்சி. சட்டம் அப்பிடி," என்றார் மேனேஜர்.

"அப்ப மோந்து பாக்கக் கூப்பிட்டப்ப நான் ஆம்பளையா சேர்?"

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

அந்த வேலைக்கு அவர்கள் எடுத்த ஆள் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் தேயிலைக்குப் பழகிய கை. பிரித்த பைகளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரம் படாமல் தகரப் பேணிகளில் கொட்டி, இறுக மூடி, கொதிகலனுக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்கிவிட்டார். தேயிலைக்கு ஈரம் ஆகாது. ஹொப்ஸுக்கோ சூடு ஆகாது. கெட்டால் பழைய சீஸும் வியர்த்த காலில் போட்ட சப்பாத்தும் கலந்தது போல நாறும்.

சில வாரம் கழித்து அவர் ஒரு பேணியோடு சமையலறைக்கு வந்தார். பின்னால் மேனேஜர். அடுத்த மாதம் நடக்கும் ஒரு கல்யாண விருந்துக்காக அன்றைக்கே பியர் காய்ச்சியாக வேண்டும்.

"அக்கா, இந்த வகை இப்படித்தான் மணக்குமா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மூடியைத் திறந்ததுமே நாற்றம் அடுப்புவரை வந்தது. நான் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னைய அந்த வேலையில போடுங்க சேர், சொல்றேன்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். மற்றவரும் பேணியை மூடிக்கொண்டு போனார். கெட்டுப்போன அதையே பியரின் கொதியில் கொட்டினார்கள். சொல்லாமல் விட்டதற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை.